மூசியாற்றின் பங்கு

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் கோட்டைகளையும் விரித்துரைப்பர்; அந்நகரங்கள் எவ்வாற்றின் நீரைப் பருகி வளர்ந்தன என்பதை அரிதாகவே கூறுவர். ஐதராபாத்தின் வரலாற்றையோ அதன் நீரைக் கொண்டே சொல்லிவிடலாம். தமிழகத்தினின்று போந்து ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியேறிய நாமும் அந்நீரையே பருகுகின்றோம். ஆதலின் அதன் வரவு செலவை அறிந்துகொள்வது நமக்கும் உரிய கடமையாகும்.

இந்நகரின் ஆறு மூசி. மேற்கே விகாராபாத்தை அடுத்த அனந்தகிரிக் குன்றுகளில் பிறந்து, நகரின் நடுவே ஓடி, வாடப்பள்ளி அருகே கிருஷ்ணையில் கலக்கின்றது. இதன் பழம்பெயர் முசுகுந்தா என்பர். திருவாரூர்த் தலபுராணத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியைக் கேட்டறிந்த தமிழருக்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது. குதுப்ஷாகி அரசர்கள் 1578இல் இவ்வாற்றின்மீது பாலம் அமைத்தனர். 1591இல் அதன் தென்கரையில் நகரை எழுப்பினர். ஆற்றை நம்பியே நகர் தோன்றிற்று என்பதில் ஐயமில்லை.

ஆறு தந்த வாழ்வை ஆறே ஒருநாள் பறித்தது. 1908 செப்டம்பர் 28ஆம் நாள், பெருமழையால் ஏரிகள் பல உடைந்து மூசி பொங்கியது. பதினையாயிரம் பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனைத் தோட்டத்திலுள்ள புளியமரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர். அடுத்த ஆண்டு நிசாம் மகபூப் அலிகானின் அரசு, பொறியியல் மேதை மோ. விசுவேசுவரய்யாவை அழைத்து வெள்ளத்தைத் தடுக்கும் வழியைக் கேட்டது. நகருக்கு மேலே அணைகள் கட்டி வெள்ளத்தைத் தேக்க வேண்டும் என்பது அவர் கூறிய வழி. அதன்படி மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், அதன் கிளையாறாகிய ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927இலும் எழுந்தன.

வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அவ்வணைகளே நகருக்குக் குடிநீரும் தந்தன. ஒரே அணையால் உயிரும் காத்தனர்; தாகமும் தீர்த்தனர். அதனைப் பிழை எனக் கூறுவார் எவருமிலர். எனினும் அன்று எழுதிய கணக்கில் ஓர் இனம் விடுபட்டுப் போயிற்று. வெள்ளத்திற்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு எனப் பங்கிட்டவர்கள், ஆற்றுக்கென ஒரு பங்கை ஒதுக்கவில்லை. அணையின் கதவுகள் வெள்ளம் மிகும்போது திறக்கும். ஏனைய நாள்களில் மூடியே இருக்கும். அணைக்குக் கீழே மூசியில் ஓடுவதற்கு நகரின் கழிவுநீர் அன்றி வேறு நீர் பெரிதும் இல்லை என்ற நிலை படிப்படியாக வந்தது.

இதன் விளைவை முதலில் உணர்ந்தவர்கள் தூண்டிலிட்டவரும் வலை வீசியவருமே ஆவர். நீர் குறைதல் என்பது மீனுக்கு இடம் குறைதல் மட்டுமன்று. ஆழமற்ற நீர் விரைவில் சூடேறும். சூடேறிய நீரில் உயிர்க்காற்று குறையும். கழிவைக் கரைத்து நீர்க்கச் செய்யும் ஆற்றலும் போய்விடும். அன்றியும், ஆற்று மீனுக்கு வெள்ளம் பகையன்று. கார்காலப் புதுவெள்ளமே இனப்பெருக்கத்திற்கான அழைப்பு. கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகள் அவ்வழைப்பை உணர்ந்தே நீரை எதிர்த்து ஏறி முட்டையிடும். வெள்ளத்தை அணை விழுங்கிவிடின் அவ்வழைப்பு வருவதில்லை. காற்றை நேரே சுவாசிக்கவல்ல விரால் போன்றவையே கேடுற்ற நீரில் சில காலம் தாக்குப்பிடிக்கும்.

ஆண்டுதோறும் மிருகசீரிடம் பிறக்கும் ஜூன் மாதத்தில் ஐதராபாத்து மக்கள் மீன் உண்பதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். ஆஸ்துமா நோயாளர்க்கு விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கச் செய்வதும் அந்நாளில்தான். அதற்கு வேண்டும் விரால் குஞ்சுகளை மீன்வளத் துறையினர் கொணர்ந்து விற்கின்றனர். தெலுங்கானா தன் மாநில மீனாகக் கொண்டிருப்பதும் இவ்விராலையே. அத்துணைப் பெருமை உடைய மீனை நகரின் நடுவே ஓடும் ஆற்றில் தேடுவார் இல்லை. கங்கபுத்திரர், முதிராஜ் முதலிய மீனவ மக்களின் தொழில் ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் சார்ந்து நிற்கின்றது.

அணைக்கு மேலேயும் நீர் எடுக்கப்பட்டது. உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஆகியவற்றின் நீர்ப்பிடிப்பு நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகளும் தடுப்பணைகளும் பெருகின. அவ்வளவாக மழை குறையாதபோதும் ஏரிக்கு வரும் நீர் குறைந்ததை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். நிலத்தடி நீரும் ஆற்று நீரும் வேறல்ல. ஒன்றை இறைத்தால் மற்றொன்று வற்றும். நீர்ப்பிடிப்பைக் காக்க 1996இல் அரசாணை 111 பிறந்து, 84 கிராமங்களில் கட்டடங்களைக் கட்டுப்படுத்திற்று. 2022இல் அக்கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன.

உள்ளூர் ஆறு போதாமையால் நகர் அயல் ஆறுகளை நாடியது. 1965இல் கோதாவரியின் கிளையாறாகிய மஞ்சிராவின் நீர் வந்தது. 2004இல் கிருஷ்ணை வந்தாள். 2015இல் கோதாவரியே வந்தாள். ஒவ்வொரு முறையும் நீர் வரும் தொலைவு நீண்டதேயன்றி, கணக்கு எழுதும் முறை மாறவில்லை.

அணைகள் மீனின் வழியை மறிப்பதைத் தமிழகமும் முன்பே கண்டது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அணைக்கட்டுகள் அமைத்தார். கடலினின்று ஆற்றில் ஏறும் உல்லம் என்னும் மீனுக்கு அவை தடையாயின. 1873இல் நன்னீர் மீன்கள் குறித்து அறிக்கை எழுதிய பிரான்சிஸ் டே, பாசன அணைகளால் மீனினத்திற்கு நேரும் இடரை எடுத்துரைத்தார். கோதாவரியில் ஏறும் அதே உல்லத்தைத் தெலுங்கர் ‘புலச’ என்பர். தாலியை விற்றேனும் அதனை உண்ண வேண்டும் என்பது அவர்கள் பழமொழி. தவளேஸ்வரம் அணைக்கட்டு அம்மீனின் வழியில் நிற்கின்றது.

இழந்த ஆற்றை மீட்க இயலுமா? இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே வெர் என்னும் சிற்றாறு உண்டு. சுண்ணப்பாறை ஊற்றால் ஓடும் அவ்வாறு, நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால் மேற்பகுதியில் வற்றிப்போயிற்று. ஊரார் ஓயாது முறையிட்டனர். 1993இல் ஓர் இறைப்பு நிலையம் நிறுத்தப்பெற்றது. நீர் மீண்டும் ஓடத் தொடங்கியது. எடுப்பதை நிறுத்தினால் ஆறு திரும்பும் என்பதற்கு அது சான்று.

நம் நாட்டிலும் ஒரு தொடக்கம் உண்டு. 2018 அக்டோபரில் மத்திய அரசு கங்கைக்கென அறிவிக்கை வெளியிட்டது. அதன் மேற்பகுதியில் வறட்சி மாதங்களில் வரும் நீரில் 20 விழுக்காடும், மழை மாதங்களில் 30 விழுக்காடும் ஆற்றிலேயே ஓட வேண்டும் என அது விதித்தது. ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்னும் கருத்து இவ்வாறு அரசிதழில் ஏறிற்று. ஆயின் அது கங்கைக்கு மட்டுமே உரியது.

ஐதராபாத்திற்கெனக் கோதாவரி நீரை மல்லண்ணசாகரிலிருந்து கொணரும் திட்டத்திற்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 20 டி.எம்.சி. நீரில், அதாவது 2,000 கோடி கன அடியில், 2.5 டி.எம்.சி. மூசியின் மீட்சிக்கு என வகுத்துள்ளனர். நூறாண்டுகளுக்குப் பின் மூசியின் பெயரும் கணக்கில் இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அப்பங்கு மூசியின் சொந்த நீரன்று. கோதாவரியிடம் பெற்ற கடன். கடன் கொடுத்த ஆற்றிலும் மீன் வாழ்கிறது. வலை வீசுவோர் வாழ்கின்றனர். ஓர் ஆற்றுக்குப் பங்கு கொடுக்க மற்றோர் ஆற்றின் பங்கைக் குறைப்பது நெடுநாள் செல்லாது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் முன்னோர் வாக்கு. எங்குச் சென்று குடியேறினும், அவ்வூரின் நீரைப் பருகுவோர் அதன் ஆற்றுக்கு உரியதையும் விட்டுவைக்கக் கற்க வேண்டும்.