அடி எடுத்துக் கொடுத்தால் போதும்: பக்கவாதமும் பாட்டும் ரோபோவும்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 71 வயது. நாலு மாசத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "ரோபோ தெரபின்னு ஒன்னு இருக்காம், நிறைய செலவாகுமாம். இன்னொருத்தர், பாட்டு கேக்க வைங்க, சரியாயிடும்ங்கிறார். எதைத்தான் நம்பறது?" என்று கேட்டிருந்தார்.

நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது வரலாறு. ஆனா இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில்கள் இருக்கு. அதான் இன்றைய எபிசோட்.

பேச்சு போனது, பாட்டு போகவில்லை

முதலில் ஸ்வீடனுக்குப் போவோம். 1745-ஆம் வருஷம் ஓலோஃப் டாலின் என்பவர் ஒரு விவசாயியின் மகனைப் பற்றி எழுதி வைத்தார். திடீரென்று கடுமையான நோய் வந்து அந்த இளைஞனுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. கொஞ்ச காலம் கழித்து 'ஆமாம்' என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. ஆனால் நோய்க்கு முன்னால் கற்றிருந்த சில துதிப்பாடல்களை அவனால் தெளிவாகப் பாட முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனை. பக்கத்தில் ஒருவர் கூடச் சேர்ந்து பாடி ஆரம்பித்துவிட வேண்டும். நம்ம ஊரில் சொல்வோமே, அடி எடுத்துக் கொடுப்பது என்று, அதேதான். எடுத்துக் கொடுத்தால் மிச்சத்தை அவனே பாடிவிடுவான்.

இது ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. 116 வருஷம் கழித்து, 1861-இல், பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பிறகு ஆராய்ந்தார். அந்த மனிதரால் பல வருஷமாக 'டான்' என்ற ஒரே ஒலியைத்தான் சொல்ல முடிந்தது. அவருடைய மூளையின் இடது முன்பக்கத்தில் சேதம் இருந்தது. பேச்சுக்கு மூளையில் இடம் உண்டு, பெரும்பாலோருக்கு அது இடது பக்கம் என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது. வலது கை விழும்போது பல பேருக்குப் பேச்சும் சேர்ந்து போவதற்கு இதுதான் காரணம். இடது மூளைதானே வலது உடம்பை நடத்துகிறது.

1871-இல் லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன், பேச முடியாத குழந்தைகள் பாடுவதைப் பற்றி எழுதினார். யோசித்துச் சொல்லும் பேச்சு வேறு, தானாக வாயில் வரும் பேச்சு வேறு என்பது அவருடைய கருத்து. கோபத்தில் வரும் வசவு, மனப்பாடமான பிரார்த்தனை, பழகிய பாட்டு எல்லாம் இரண்டாவது வகை. முதல் வகை போனாலும் இரண்டாவது தங்கிவிடலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஒருவர் பழைய பாட்டை முழுசாகப் பாடுகிறார் என்பதாலேயே அவரால் "தண்ணி வேணும்" என்று கேட்க முடியும் என்று ஆகிவிடாது. வீட்டில் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். "பாட்டு வருதே, பேச மட்டும் ஏன் மாட்டேங்கிறார், பிடிவாதமா?" என்று கேட்டுவிடுவார்கள். பிடிவாதம் கிடையாது. இரண்டும் வேறு வேறு வழி.

பாஸ்டனில் ஒரு பயிற்சி

அந்தப் பாட்டு வழியைப் பேச்சுக்குப் பயன்படுத்த முடியுமா? 1973-இல் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகிய மூவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அன்றாடம் தேவைப்படும் சின்ன வாக்கியத்தை எடுத்து, மேல் சுரம், கீழ் சுரம் என்று இரண்டே சுரத்தில் பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையால் மேசையில் ஒரு தட்டு. முதலில் பயிற்சியாளர் கூடப் பாடுவார், பிறகு பாதியில் நிறுத்துவார். கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தை உதிர்த்துவிட்டு, கடைசியில் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவார். அடுத்த வருஷம் 8 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதில் 6 பேருக்குப் பலன் தெரிந்தது.

வலது மூளையின் இசைத் திறன், இடது மூளையின் வேலையை ஏற்றுக்கொள்கிறது என்றுதான் அப்போது விளக்கம் சொன்னார்கள். கேட்க அழகா இருக்கு, இல்லையா? ஆனால் 2011-இல் ஜெர்மனியில் பெஞ்சமின் ஸ்டால் குழுவினர் 17 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். ராகத்தைவிடத் தாளமும், வாக்கியம் ஏற்கெனவே வாய்க்குப் பழகியதா என்பதும்தான் முக்கியமாகத் தெரிந்தது. அதனால் அப்பாவுக்குக் குரல் வளம் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

காலுக்குத் தாளம், மனசுக்குப் பாட்டு

தாளம் காலுக்கும் உதவும் என்று காட்டியவர் மைக்கேல் தாட். கொலராடோவில் வேலை செய்தவர். சீரான தாளத்தைக் கேட்டால் அடுத்த தட்டு எப்போது வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. அடியும் அந்த நேரத்துக்குத் தயாராகிறது. 2007-இல் ஸ்ட்ரோக் வந்த 78 பேரை அவர் குழு ஆராய்ந்தது. மூன்று வாரம், தினமும் அரை மணி நேரம். தாளத்தோடு நடை பழகியவர்கள், வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட வேகத்திலும் அடி நீளத்திலும் அதிகம் முன்னேறினார்கள்.

2008-இல் ஹெல்சிங்கியில் டெப்போ சர்காமோ குழுவினர் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார்கள். ஸ்ட்ரோக் வந்த 60 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தினமும் ஒரு மணி நேரமாவது கேட்டது. இன்னொன்று ஒலிப்புத்தகம் கேட்டது. மூன்றாவது பிரிவுக்கு ரெண்டும் இல்லை. இரண்டு மாதம் இப்படிப் போனது. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. மூன்றாவது மாதம் பார்த்தபோது, சொற்களை நினைவில் வைக்கும் திறன் பாட்டு கேட்டவர்களுக்கு 60 சதவீதம் கூடியிருந்தது. ஒலிப்புத்தகப் பிரிவுக்கு 18, மூன்றாவது பிரிவுக்கு 29. பாட்டு கேட்டவர்களிடம் மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

இதைக் கேட்டு யாரும் பிசியோதெரபியை நிறுத்திவிடாதீங்க. பாட்டு கேட்டதால் கை எழுந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

கையைப் பிடிக்கும் இயந்திரம்

இப்போ ரோபோவுக்கு வருவோம். 1989-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை ரோபோ விறைப்பானது. குறுக்கே வந்தால் அடித்துத் தள்ளிவிடும். இவர்களுக்கு வேண்டியது விட்டுக்கொடுக்கும் ரோபோ. நோயாளி மேசை முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். திரையில் ஒரு புள்ளி தெரியும். கையை அங்கே கொண்டுபோக வேண்டும். அவர் முயன்றால் இயந்திரம் வழிவிடும், முடியாமல் நின்றால் மெல்லக் கொண்டுபோகும். சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிற அண்ணன் மாதிரி. 1994-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் நோயாளிகளிடம் சோதனை ஆரம்பித்தது. 1997-இல் 20 பேரின் முடிவு வந்தது. தோள், முழங்கை அசைவில் முன்னேற்றம் தெரிந்தது.

இதற்கு ஏன் இயந்திரம்? 2009-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சாதாரண பிசியோதெரபி நேரத்தில் கை எத்தனை தடவை பயனுள்ள அசைவைச் செய்கிறது என்று எண்ணிப் பார்த்தது. சராசரி 32. விலங்குகளிடம் மூளை மாற்றம் கண்ட சோதனைகளிலோ நூற்றுக்கணக்கில். ரோபோவால் ஒரே அமர்வில் ஆயிரம் வரை போக முடியும். அதற்குக் கை வலிக்காது.

காலுக்கும் இதே கதைதான். நோயாளியைப் பட்டையில் தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடக்க வைப்பார்கள். காலுக்கு ஒருவராக இரண்டு பேர் குனிந்து காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், அவர்கள் இடுப்பு ஒடிந்துவிடும். அந்த வேலைக்காக சூரிச்சில் கேரி கொலம்போ குழுவினர் 'லோகோமேட்' என்ற கால்கவச இயந்திரத்தை உருவாக்கினார்கள்.

பெரிய சோதனைகள் சொன்னது

2009-இல் அமெரிக்காவில் 63 பேரிடம் லோகோமேட்டையும் மனிதர் தரும் நடைப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். மனிதர் பயிற்சிதான் ஜெயித்தது. இயந்திரமே காலைத் தூக்கி வைத்தால் நோயாளி வெறும் பயணியாகிவிடுவார் என்பது ஒரு விளக்கம்.

2010-இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் 127 பேரிடம் கை ரோபோவைச் சோதித்தார்கள். எல்லோரும் ஸ்ட்ரோக் வந்து குறைந்தது 6 மாதம் ஆனவர்கள், பலருக்கு வருஷங்களே ஆகியிருந்தன. 36 வாரம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பைவிட ரோபோ பிரிவு கொஞ்சம் மேல். ஆனால் ரோபோ அளவுக்கே தீவிரமாக மனிதர் பயிற்சி கொடுத்த பிரிவும் அதே அளவு முன்னேறியிருந்தது. 2019-இல் பிரிட்டனில் 770 பேரிடம் செய்த சோதனையில், ரோபோ பிரிவுக்குக் கை அசைவு சற்றுக் கூடினாலும், கையைப் பயன்படுத்தும் திறன் என்ற முக்கிய அளவுகோலில் வழக்கமான கவனிப்பைவிட முன்னேற்றம் இல்லை.

அப்போ ரோபோ வீணா? அப்படியும் சொல்ல முடியாது. நடைப் பயிற்சி இயந்திரங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கைகள், பிசியோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தால் தனியாக நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்கின்றன. அதிலும் முதல் மூன்று மாதத்தில், நடக்கவே முடியாமல் இருப்பவர்களுக்கு அதிகப் பலன்.

இந்த வரலாறு முழுக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. நோயாளி தானே முயல வேண்டும், நிறைய தடவை முயல வேண்டும். ரோபோ எண்ணிக்கையைத் தருகிறது, பாட்டு ஆசையைத் தருகிறது. 2007-இல் ஜெர்மனியில் ஷ்னைடர், ஆல்டன்முல்லர் குழுவினர், வாத்தியமே தொட்டுப் பழகாத 20 ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கு மின்னணு பியானோவும் டிரம்ஸும் கொடுத்துப் பழக்கினார்கள். 15 அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணி. கை வேகமும் நேர்த்தியும் கூடின. நம்ம பக்கத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற சின்னக் கை ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. ஒரே மோட்டார், மாட்டிக் கழற்றும் கைப்பிடிகள்.

அந்த நேயருக்கு என் பதில் இதுதான். ரோபோ தெரபிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்க. ஓர் அமர்வில் எத்தனை தடவை அசைவு? அப்பா முயல்கிறாரா, இயந்திரம் இழுக்கிறதா? பிசியோதெரபி கூடவே இருக்கா, அதற்குப் பதிலாகவா? வீட்டில் என்ன செய்யணும்? பதில் திருப்தி இல்லையென்றால், அந்தப் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்டை அதிக நாள் வரச் சொல்லுங்க. தாளத்தோடு நடை பழக்குவதையும் அவர் முன்னிலையிலேயே செய்யுங்க, விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்க. நாலு மாசம் ஆகிவிட்டதே என்று மனசு விட வேண்டாம்.

சாயங்காலம் அவருக்குப் பிடித்த பாட்டைப் போடுங்க. உங்களுக்குப் பிடித்ததை இல்லை, அவருக்குப் பிடித்ததை. அவராகப் பாடட்டும் என்று காத்திருக்காமல் முதல் வரியை நீங்க ஆரம்பிங்க. அந்த ஸ்வீடன் பையனுக்கும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.