டிஸ்ட்ரிக்ட் டீமுக்குப் பின்னாடி ஒரு ஓட்டு

ஆரப்பாளையத்துல இருந்து பேசுறேன். எங்க வீடு பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. போன மாசம் டீக்கடையில நின்னப்ப, ஜெர்சி போட்ட பிள்ளைங்க திண்டுக்கல் பஸ்சுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. "எங்கம்மா போறீங்க?"ன்னேன். "டிஸ்ட்ரிக்ட் டீம்ண்ணே"ன்னுச்சு ஒரு பொண்ணு. அந்த ஒரு வார்த்தைதான் இன்னிக்கு எபிசோடு.

கால்பந்து நிர்வாகம் ஒரு படிக்கட்டு. கீழ்ப்படி மாவட்டச் சங்கம். அதுக்கு மேல தமிழ்நாடு கால்பந்து சங்கம், அப்புறம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஆசியக் கூட்டமைப்பு. உச்சியில 211 உறுப்பு நாடுகளைக் கொண்ட ஃபிஃபா. மாநில லீக் நடத்துறது, மாநில அணியைத் தேர்வு பண்றது எல்லாம் மாநிலச் சங்கத்தோட வேலை. மதுரையில ஒரு கிளப் ஆரம்பிச்சா ஃபிஃபா கதவை நேராத் தட்ட முடியாது. படிப்படியாத்தான் ஏறணும்.

இந்தப் படிக்கட்டு சண்டையிலதான் கட்டப்பட்டது. 1893ல கல்கத்தாவில் இந்தியக் கால்பந்து சங்கம் தொடங்கினாங்க. பேருலதான் 'இந்தியா'. இன்னிக்கும் அது மேற்கு வங்கத்தோட மாநிலச் சங்கம்தான். ஆனா அந்தக் காலத்துல நாட்டுக்கே பேசுற இடத்துல அது இருந்தது. மற்ற மாகாணங்கள் அதை ஏத்துக்கலை. இழுபறிக்கு அப்புறம், 1937 ஜூன் 23 அன்று சிம்லாவில் ஆறு பிராந்தியச் சங்கங்கள் கூடி அகில இந்தியக் கூட்டமைப்பை உருவாக்கினாங்க. 1948ல ஃபிஃபாவில் சேர்ந்தாச்சு. அதாவது நம்ம தேசியக் கூட்டமைப்பே பிராந்தியச் சங்கங்கள் சேர்ந்து பெத்த பிள்ளை.

இந்தப் படியில ஏறிப் போனா என்ன கிடைக்கும்? நம்ம ஊர் சேது எஃப்சியைப் பாருங்க. 2019 மே மாசம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் ஃபைனல்ல மணிப்பூர் போலீஸ் அணியை 3-1ன்னு ஜெயிச்சு சாம்பியன் ஆனாங்க. அதுக்கு முந்தின வருஷம் தமிழ்நாடு பெண்கள் அணி, அதே மணிப்பூரை ஃபைனல்ல ஜெயிச்சு தேசியச் சாம்பியன்ஷிப்பைத் தூக்கினது.

படிக்கட்டு உடைஞ்சா? 2022ல பார்த்தோம். கூட்டமைப்புத் தேர்தல் தள்ளிப்போய்க்கிட்டே இருந்ததால, மே மாசம் உச்ச நீதிமன்றம் மூணு பேர் கொண்ட நிர்வாகக் குழுவை நியமிச்சது. மாநிலச் சங்கங்களோட 36 முன்னாள் வீரர்களுக்கும் ஓட்டு தரலாம்னு ஒரு ஏற்பாடு வந்தது. வெளியாள் தலையீடுன்னு சொல்லி ஃபிஃபா ஆகஸ்ட்ல இந்தியாவையே தடை பண்ணிருச்சு. அந்த நேரம் கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட்ல இறங்கியிருந்தது. ஒரு மேட்ச்கூட ஆடாம திரும்பினாங்க. ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்குச்சு. அவங்க போட்டி போனது போனதுதான்.

செப்டம்பர் 2ல தேர்தல். ஓட்டுப் போட்டது மாநிலச் சங்கங்கள் மட்டும். நாட்டுக்கே கேப்டனா இருந்த பாய்சுங் பூட்டியாவுக்குக் கிடைச்சது ஒரே ஓட்டு. கல்யாண் சௌபேவுக்கு 33.

சங்கமே வேண்டாம்னு நான் சொல்லலை. அது இல்லாம லீக் இல்லை, ரெஃபரி இல்லை, அந்தப் பொண்ணு பஸ் ஏற ஒரு டீமும் இல்லை. ஆனா டெல்லியில விழுற அந்த ஓட்டு அவ பேரால விழுது. தாஷ்கண்ட்ல நின்ன பிள்ளைங்களை யாரும் கேட்டுட்டு முடிவு எடுக்கலை. 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த புது விதிகள் முன்னாள் வீரர்களுக்கும் பொதுக்குழுவில் இடம் தருது. நல்ல விஷயம். அதே கேள்வியை நம்ம மாவட்டத்துலயும் கேட்கலாம்: இங்க சங்கத்துல யார் உறுப்பினர், தேர்தல் எப்ப, ஆடின பொண்ணுங்க எத்தனை பேர் அந்த மேஜையில உட்கார்ந்திருக்காங்க?

திண்டுக்கல் போன பிள்ளைங்க ஜெயிச்சாங்களான்னு நான் கேட்கவே இல்லை. அடுத்த தடவை பார்த்தா கேட்டுச் சொல்றேன். வர்றேன் மக்களே.