தையற்கூடத்து மரணங்களும் துப்பறியும் கதையும்

துப்பறியும் கதைகளைப் பற்றிப் பேசுவதே வீண்வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே பலருளர். மாணவன் கையில் அத்தகைய நூலொன்றைக் காணும் ஆசிரியர் அதைப் பறித்து மேசை லாச்சியில் வைத்துவிடுகிறார். இலக்கிய விமரிசகரோ அதன் பெயரைச் சொல்லவும் கூசுகிறார். ஆயினும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கான மக்கள் விரும்பிப் படித்துவரும் இலக்கிய வடிவம் எத்தகைய சமுதாயத்தில், எத்தேவையை நிறைவு செய்வதற்காகத் தோன்றியது என்று வினவுதல் வரலாற்று மாணவனின் கடமையாகும்.

அவ்வடிவத்தின் ஒரு கிளையை மட்டும் இங்கு நோக்குவோம். கொலையின் கொடூரம் திரைக்கு அப்பால் நிகழ, பொலிசைச் சேராத சாதாரண மனிதரொருவர், பெரும்பாலும் ஒரு பெண், தமது கூர்மதியாற் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கதைவகை அது. 'கோஸி' என்று ஆங்கிலேயர் இதனை அழைப்பர். இதமானது, கதகதப்பானது என்பது அச்சொல்லின் பொருள். அண்மைக் காலத்தில் இக்கதைகளின் நாயகியர் ஆளுக்கொரு தொழிலினராய் வருகின்றனர். வாஷிங்டன் நகரப் பத்திரிகையொன்றில் ஆடையலங்காரம் பற்றி எழுதும் ஒரு பெண்ணைத் துப்பறிவாளராக்கி, எலன் பையரம் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2003ஆம் ஆண்டு முதல் ஒரு நாவல் வரிசையையே எழுதினார். துணியையும் தையலையும் அறிந்தவளின் கண் குற்றத்தையும் அறியும் என்பது இக்கதைகளின் அடிப்படை. இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? ஆடையுலகில் உண்மையாகவே நிகழ்ந்த மரணங்களை இக்கதைகள் கண்டனவா? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

ஆங்கிலத் துப்பறியும் நாவல் உருப்பெற்ற காலம் 1860களாகும். 1860இல் இங்கிலாந்தின் றோட் என்னும் ஊரில், வசதிமிக்க குடும்பமொன்றின் சிறு குழந்தை கொலையுண்டது. இலண்டனிலிருந்து சென்ற துப்பறியும் அதிகாரி ஜொனதன் விச்சர், அவ்வீட்டு மகளின் இரவாடைகளுள் ஒன்று காணாமற் போயிருந்ததைத் தம் ஐயத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். அப்போது அவர் கூற்று எடுபடவில்லை. ஆனால் 1865இல் கொன்ஸ்டன்ஸ் கென்ட் என்ற அம்மகள் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். 1868இல் வெளிவந்த வில்கி கொலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' நாவலில் அந்த இரவாடை வேறோர் உருவிற் புகுந்தது. வர்ணப்பூச்சுப் படிந்த ஆடையொன்றை மறைப்பதற்காகப் பணிப்பெண் ஒருத்தி துணி வாங்கி, அதே போன்ற இன்னோர் ஆடையை இரகசியமாகத் தைக்கிறாள். துணியும் தையலும் துப்பாகத் தொடங்கியது இவ்வாறேயாகும்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், 1863ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலண்டனில் மேரி ஆன் வோக்லி என்ற இருபது வயதுத் தையற்காரி இறந்தாள். சீமாட்டிகளுக்கு ஆடை தைக்கும் புகழ்வாய்ந்த நிலையமொன்றில் அவள் வேலை செய்தாள். அதனை நடத்தியவர் மடம் எலிஸ் எனப்பட்டார். அவ்வாண்டு மணமாகி வந்திருந்த வேல்ஸ் இளவரசியைக் கௌரவிக்கும் நடன விழாவுக்குப் பட்டாடைகள் விரைவில் வேண்டப்பட்டன. மேலும் அறுபது பெண்களுடன், ஓர் அறைக்கு முப்பது பேராக, மேரி ஆன் இருபத்தாறரை மணி நேரம் இடையறாது தைத்தாள். வெள்ளிக்கிழமை நோயுற்றாள், ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். நெரிசல் மிகுந்த அறையில் நெடுநேரம் உழைத்தமையும், காற்றோட்டமற்ற சிறு படுக்கையறையுமே அவளைக் கொன்றன என்று மருத்துவர் மரண விசாரணையில் தெளிவாகக் கூறினார். ஜூரிகளோ மூளையில் ஏற்பட்ட தாக்கினால் இறந்தாள் என முடிவுசெய்து, மிகையுழைப்பு மரணத்தை விரைவுபடுத்தியிருக்கலாம் என்ற அச்சத்தையும் உடன் தெரிவித்து அமைந்தனர்.

ஒரு துப்பறியும் கதைக்கு வேண்டியன யாவும் இங்கிருந்தன: இறந்த இளம்பெண், மூடிய அறை, மருத்துவச் சான்று, மழுப்பலான தீர்ப்பு. பத்திரிகைகளும் வாளாவிருக்கவில்லை. புதிய ஆடையணிந்த சீமாட்டி நிலைக்கண்ணாடியிற் பார்க்கும்போது, இறந்துகிடக்கும் தையற்காரியின் உருவம் தோன்றுவதாக ஜோன் டெனியல் 'பஞ்ச்' இதழிற் சித்திரம் வரைந்தார். ஆயினும் 'கொலையாளி யார்?' என்ற வினாவை அதன் வேர்வரை கொண்டுசென்றவர் நாவலாசிரியரல்லர். 1867இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், கார்ல் மார்க்ஸ் இம்மரணத்தை எடுத்தாண்டார். எலிஸ் என்ற ஒருத்தியின் கொடுமையை மட்டும் காட்டுவது அவர் நோக்கமன்று. வேலைநாளை நீட்டுவதால் இலாபம் பெருகும் அமைப்பில், முதலாளி நல்லவனாயினும் தீயவனாயினும் போட்டியின் விதி அவனை ஆட்டிவைக்கும் என்பதை அவ்வத்தியாயம் நிறுவுகின்றது. குற்றவாளி ஓர் ஆளாக இல்லாது ஓர் உறவாக இருக்கும்போது, கடைசி அத்தியாயத்தில் யாரைக் கைதுசெய்வது? துப்பறியும் நாவலால் விடை கூற முடியாத வினா இது.

எனினும் அந்நாவலின் மறுபக்கத்தையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் அன்னா கதரின் கிறீன், 1897இல் வெளியிட்ட நாவலொன்றில் அமேலியா பட்டர்வேர்த் என்ற மணமாகாத மூதாட்டியைப் படைத்தார். அயல் வீட்டிற் கொலை நிகழ்கிறது. கொலைக்கருவி தொப்பியிற் செருகும் ஊசி. அனுபவமிக்க துப்பறிவாளர் பொருட்படுத்தாத தொப்பி, கையுறை, உடை முதலிய சிறு பொருள்களை இம்மூதாட்டி ஏடு போற் படிக்கிறாள். அற்பமென ஆண்கள் ஒதுக்கிய பெண்களின் அன்றாட அறிவு, மெய்யைக் காணும் கருவியாக இங்கு உயர்த்தப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று.

பட்டர்வேர்த் வாழ்ந்ததாகக் கூறப்படும் அதே நியூயோர்க் நகரில், பதினான்கு ஆண்டுகளின் பின், 1911 மார்ச் 25ஆம் தேதி, டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றியது. இறந்தோர் 146 பேர். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேற்றக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியின் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர் துணியைத் திருடிச் செல்லாதபடி, வேலை முடிந்து வெளியேறும்போது அவர்களின் கைப்பைகளைச் சோதிப்பதற்கு ஒரே வழியை வைத்திருப்பது அங்கு வழக்கம். கருகிய உடல்களை உறவினர் இனங்கண்டது சப்பாத்துகளையும் மோதிரங்களையும் காலுறையில் இழையோட்டியிருந்த தையலையும் கொண்டுதான். கதையிற் பட்டர்வேர்த்துக்குப் பயன்பட்ட அதே கூர்ந்த பார்வை, பிணவறையில் தாய்மாருக்குப் பயன்பட்டது. உரிமையாளர் இருவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வேளையிற் கதவு பூட்டியிருந்ததை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது ஐயமற நிறுவப்படவில்லை எனக் கருதிய ஜூரிகள் அவ்வாண்டு டிசம்பரில் அவர்களை விடுவித்தனர். 1913இல், அவர்களுள் ஒருவர் வேறொரு தொழிற்சாலையிலும் கதவைப் பூட்டியமைக்காக 20 டொலர் தண்டம் கட்டினார்.

ஆனால் மக்கள் இயக்கம் அத்தீர்ப்போடு ஓயவில்லை. தொழிற்சங்கப் பெண்களின் போராட்டத்தாலும் மக்களின் சினத்தாலும் நியூயோர்க் மாநிலம் தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவை நிறுவியது. தீயை நேரிற் கண்ட பிரான்சிஸ் பேர்கின்ஸ் அதன் பணியில் முக்கிய பங்கு கொண்டார். 1933இல் அமெரிக்கத் தொழிலமைச்சரானார். ஒருவனைத் தண்டிக்க இயலாத இடத்திற் சட்டத்தை மாற்றலாம் என்பதை அவ்வியக்கம் காட்டிற்று.

'இதமான' துப்பறியும் கதை செழித்தது முதலாம் உலகப்போருக்குப் பின், இங்கிலாந்திலேயாகும். போர் இளைஞரை விழுங்கியிருந்தது. 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் பெண்கள் ஆண்களைவிடப் பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்டோராயிருந்தனர். 'மிகையான பெண்கள்' என்று பத்திரிகைகள் இவர்களை இழித்துரைத்தன. டொறத்தி சேயர்ஸ், 1927இல் மிஸ் கிளிம்ப்சன் என்ற முதுகன்னியைத் துப்பறியும் பணியில் ஈடுபடுத்தினார். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் முழு நாவலொன்றிற் பின்னல் ஊசியுடன் தோன்றினாள். சமுதாயம் பயனற்றவர் என ஒதுக்கியோரை அறிவின் உறைவிடமாக்கியது இக்கதைகளின் சிறப்பு. ஆனால் அவ்வறிவு எதற்குப் பயன்பட்டது? பொதுவேலை நிறுத்தமும் வேலையில்லாத் திண்டாட்டமும் நாட்டை உலுக்கிய காலத்தில், கிராமத்தின் அமைதியைக் குலைத்த ஒரே தீயவனை அகற்றிவிட்டால் யாவும் முன்போல் நலமாகும் என்ற ஆறுதலை அவை அளித்தன. 1929இல் ரொனல்ட் நொக்ஸ் என்ற பாதிரியார் வகுத்த பத்து விதிகளுள் ஒன்று சீனரைக் கதையிற் சேர்த்தலாகாது என்றது. மலிவான கதைகளிற் சீனரை ஓயாது வில்லனாக்கும் வழக்கத்தைக் கேலி செய்யவே அவர் அவ்வாறு விதித்தார் என்பர். எவ்வாறாயினும், வேற்று மக்களுக்கு இடமில்லாத சிற்றுலகமாகவே அது அமைந்தது.

ஆடையுலகம் இக்கதைகளுக்குள் நேரே நுழைந்தது 1930களின் இறுதியிலாகும். மார்ஜரி அலிங்கம் 1938இல் எழுதிய நாவலில், துப்பறிவாளரின் சகோதரி ஆடை வடிவமைப்பாளர். 1941இல் கிறிஸ்டியானா பிரான்ட், 'டெத் இன் ஹை ஹீல்ஸ்' என்ற தமது முதல் நாவலை ஓர் ஆடைக்கடையில் நிகழவைத்தார். கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்தவர் அவர். உடன் வேலைசெய்த ஒருத்திமீது கொண்ட ஆத்திரமே அந்நாவலைப் பிறப்பித்தது என்பர். கடைப்பெண்களின் பேச்சும் பொறாமையும் களைப்பும் அதில் உயிரோடு வருகின்றன. ஆயினும் ஆத்திரம் சக ஊழியைமீது திரும்புகிறது; சம்பளத்தையும் வேலைநேரத்தையும் விதிப்பவர்மீது திரும்புவதில்லை. இவ்வடிவத்தின் எல்லையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று தேவையில்லை.

அப்படியாயின் இக்கதைகளை எறிந்துவிடலாமா? அவ்வாறு முடிவுகட்டுவது அவசரமாகும். தொழின்முறை விசாரணையாளர் கைவிட்டதைப் பொறுமையும் நுண்ணோக்கும் கொண்ட சாதாரண மனிதர் காணமுடியும் என்ற நம்பிக்கை அவற்றில் உண்டு; அது மக்கள் சார்பான நம்பிக்கை. டிரையாங்கிள் தீயில் இறந்தோருள் அறுவர் நூறாண்டு காலம் பெயரற்றோராய்ப் புதைகுழியிற் கிடந்தனர். மைக்கேல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர், பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் ஆண்டுக்கணக்கில் துருவி, 2011இல் அறுவருக்கும் பெயரை மீட்டளித்தார். அரசாங்கம் செய்யாத பணியைத் தனி மனிதரின் தேடல் செய்தது.

2013 ஏப்ரல் 24ஆம் தேதி, வங்காளதேசத்தின் தலைநகர் டாக்காவுக்கு அண்மையில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளரோ மறுநாட் காலை மீண்டும் உள்ளே அனுப்பப்பட்டனர். எங்கள் ஆடை அங்கே தைக்கப்படவில்லை என மேலைநாட்டு நிறுவனங்கள் சில கைகழுவ முயன்றபோது, தொழிலாளர் இயக்கத்தினர் இடிபாடுகளுக்குள் ஆடைகளின் பெயர்ச்சீட்டுகளையும் கட்டளைக் கடதாசிகளையும் தேடி எடுத்தனர். ஒரு விரல் அகலத் துணித்துண்டு, கடல் கடந்த கம்பனியைக் கொலைக்களத்தோடு பிணைத்தது. அச்சான்றுகளும் உலகெங்கும் எழுந்த கண்டனமும், அவ்வாண்டு மே மாதத்திலேயே, கட்டடப் பாதுகாப்புக்கு நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைக் கொணர்ந்தன. விச்சர் தேடிய இரவாடையும், தாய்மார் இனங்கண்ட காலுறையும், இந்தப் பெயர்ச்சீட்டும் ஒரே வகைத் துப்புகளே. ஆனால் இம்முறை அத்துப்பு ஒரு தனி மனிதனின் வாசலில் நின்றுவிடவில்லை. இலாபத்தின் சங்கிலி முழுவதையும் தொட்டது.

நமது நாட்டிலும் 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல், பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து அந்நியச் செலாவணி ஈட்டித் தருகின்றனர். அவர்களின் பிள்ளைகளும் தங்கைமாரும் நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். மாணவரிடமிருந்து துப்பறியும் நாவலைப் பறிப்பதைவிட, அது கற்பிக்கும் கேள்வி கேட்கும் பழக்கத்தை வளர்ப்பதே ஆசிரியருக்கு ஏற்ற பணியாகும். இந்தச் சட்டையைத் தைத்தவர் யார், எத்தனை மணி நேரம் தைத்தார், கதவின் திறப்பு எவர் கையில் இருந்தது என்று கேட்கப் பழகிய மாணவன், கதை முடிந்த பின்னரும் விசாரணையை நிறுத்தமாட்டான்.