கட்டை மாறினா குறியும் மாறும்

மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி நரிக்குறவர்கள்கிட்ட பாசிமணி வாங்கியிருப்பீங்க. தாத்தா காலத்துல மணியோட நாட்டுத் துப்பாக்கியும் இருந்துச்சு. குழல் வாய் வழியா மருந்து கெட்டிச்சுச் சுடுறது.

இரும்புக் குழல் தலைமுறை தாண்டும். மரக்கட்டைதான் கை பிடிக்கிற மெலிஞ்ச இடத்துல விரிசல் விடும். புதுக்கட்டை மாட்டினா மட்டும் போதாதுங்க. மரம் லேசா இருந்தா முன்பாரம் குழலைக் கீழே இழுக்கும். கட்டையோட பின்பக்கத்தைக் குடைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா ஈயம் வச்சு, தோள்ல ஏத்தி ஏத்திப் பார்க்கணும். (தராசு பிடிக்கிற வேலைதான்!)

1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. வேட்டை குற்றமாச்சு. காட்டுக்கு அது தேவைதான், மறுக்கலை. ஆனா கட்டைக்கு ஈயம் வச்ச மாதிரி பிழைப்புக்கு யாரும் எதையும் வைக்கலையே? பூஞ்சேரியில பட்டா கொடுத்தது 2021 நவம்பர்ல. பழங்குடிப் பட்டியல் மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேறினது 2022 டிசம்பர்ல. நடுவுல அம்பது வருஷம்.