கடலோரம் நெடுக ஒரு சாலை: கொங்கணத்தில் அது எப்போது தோன்றியது?

மும்பையிலிருந்து கோவாவுக்கு மிதிவண்டியில் செல்வோரில் பலர் தேசிய நெடுஞ்சாலை 66-ஐத் தவிர்த்துக் கடலோரத் தடத்தையே விரும்புகின்றனர். அலிபாக், முருட், ஸ்ரீவர்தன், குஹாகர், கண்பதிபுளே, ரத்னகிரி, விஜயதுர்க், மால்வண் எனத் தடம் நீள்கிறது. லாரிகள் குறைவு; ஒருபுறம் கடல், மறுபுறம் முந்திரித் தோப்பு. வரைபடத்தில் பார்ப்பவர்க்கு, கரையை ஒட்டிக் காலங்காலமாக மக்கள் நடந்த வழி இது என்றே தோன்றும்.

அத்தோற்றத்தை ஏற்பதற்கில்லை. கொங்கணக் கரை நெடுகத் தெற்கு வடக்காக ஓடும் ஒரே சாலை என்பது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த எண்ணம்; அது இன்றுவரை முழுமை பெறவுமில்லை. அதற்கு முந்தைய வழிகளின் திசையே வேறு.

சஹ்யாத்ரிக்கும் அரபிக்கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலம் கொங்கணம். மலையில் பிறக்கும் ஆறுகள் குறுகிய தொலைவே ஓடிக் கடலில் கலக்கின்றன. கலக்குமிடத்தில் அகன்று, உப்புநீர் உள்ளேறும் நீண்ட கழிகளாகின்றன. குண்டலிகா, சாவித்ரி, வாசிஷ்டி, சாஸ்திரி, வாகோட்டண் ஆகியன அவற்றுட் சில. மரக்கலங்கள் ஓதத்தோடு கழியில் ஏறி, நீர் ஆழங்குறையும் இடத்தில் சரக்கை இறக்கின. அங்கே சந்தை ஊர்கள் எழுந்தன: சாவித்ரியில் மஹாட், வாசிஷ்டியில் சிப்ளூண், சாஸ்திரியில் சங்கமேஷ்வர், தெற்கே ராஜாபூர், காரேபாட்டண். அவ்வூர்களிலிருந்து பொதிமாடுகள் கணவாய் ஏறித் தக்காணம் சென்றன. துறைமுகம், கழித்தலை ஊர், கணவாய், மேட்டுநிலம் என்பதே கொங்கணத்தின் பழைய வழித்தொடர். கரைக்கு அது செங்குத்தானது.

15-ஆம் நூற்றாண்டில் வந்த ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதினின் பயணம் இதற்கு நல்ல சான்று. அவர் சௌல் துறையில் இறங்கி, மலையேறி ஜுன்னருக்கும் பின்னர் பீதருக்கும் சென்றார். திரும்புகையில் தாபோளுக்கு இறங்கிக் கப்பலேறினார். சௌலும் தாபோளும் ஒரே கரையில் உள்ளவை. ஆயினும் அவர் பயணத்தில் இரண்டையும் இணைத்தது கரையன்று, மேட்டுநிலம். அந்தத் தாபோளை 1508-இன் இறுதியில் போர்த்துக்கீசிய அரசப்பிரதிநிதி அல்மைதா எரித்தார். 1661-இல் சிவாஜியின் படை ராஜாபூரில் இருந்த ஆங்கிலேயப் பண்டகசாலையைத் தாக்கி வணிகரைச் சிறைப்பிடித்தது. போட்டியெல்லாம் கடலும் மலைவழியும் சந்திக்கும் முனைகளுக்காகவே. பிரித்தானியர் தொடக்கத்தில் பெரும்பொருள் செலவிட்ட சாலையும் 1830-இல் திறந்த போர் காட் கணவாய்ச் சாலைதான். அதுவும் குறுக்கு வழியே.

மொழியியல் படித்த பழக்கத்தால் இங்குச் சொற்களிடம் சற்று நின்றே ஆகவேண்டும். மராட்டியில் 'காட்' என்பது மலைக்கணவாயையும் குறிக்கும், நீர்நிலையின் படித்துறையையும் குறிக்கும். இரண்டிலும் பொதுவானது இறங்கிக் கடத்தல். கணவாயைக் குறித்த அச்சொல்லை ஐரோப்பியர் மலைத்தொடர் முழுவதற்கும் சூட்டினர். நாமும் 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்று பெயர்த்துக்கொண்டோம். திறப்பைக் குறித்த பெயர் சுவரின் பெயராகிவிட்டது! 'உதார்' என்ற மராட்டிச் சொல் சரிவையும் குறிக்கும், ஆற்றைக் கடக்கும் துறையையும் குறிக்கும் (தமிழ்க் காதுக்கு எட்டும் வேறு பொருளை விட்டுவிடுவோம்). தோணித்துறைக்கு 'தர்'. இவ்விரண்டுக்கும் வேர், கடத்தலைக் குறிக்கும் சமஸ்கிருத வினை. நாம் வழங்கும் 'தீர்த்தம்' என்பதும் அதே குடும்பம், முதற்பொருளும் கடக்கும் துறையே. ஊருக்குள் வந்தால் 'பாகாடி': சிவந்த லேட்டரைட் கல் பாவிய படிவழி, ஒரு குடியிருப்பிலிருந்து அடுத்ததற்கு இறங்குவது. வழியைப் பற்றிய இச்சொற்கள் இறங்குவதையும் கடப்பதையும் பேசுகின்றன. கரையோரம் நெடுகப் போவதற்கு நிகரான ஒரு வட்டாரச் சொல் என் கண்ணில் படவில்லை.

அப்படியானால் தெற்கு வடக்குப் பயணம்? அது கடலின் வேலை. பம்பாய் ஆலைகளுக்கு ரத்னகிரி மாவட்டம் ஆட்களை அனுப்பிய காலத்தில் அவர்கள் நீராவிக் கப்பலில்தான் சென்றனர். பருவமழையில் அதுவும் நின்றது. 1947 ஜூலை 17 அன்று பம்பாயிலிருந்து ரேவஸ் புறப்பட்ட 'ராம்தாஸ்' கப்பல் மூழ்கி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விடுதலைக்கு ஒரு மாதமே இருந்த அந்நாள்களின் பெருஞ்செய்திகளுக்கிடையில் இச்சாவுகள் தேசிய நினைவில் இடம்பெறாமற்போயின. கொங்கண நினைவில் அவை உள்ளன.

பிற்காலத்து மும்பை–கோவா நெடுஞ்சாலை கரையை விட்டு உள்ளே விலகிச் செல்வதன் காரணம் இப்போது விளங்கும். ஆறு குறுகும் இடத்தில்தான் பாலம் கட்டுவது எளிது. ஆகவே மஹாட், சிப்ளூண், சங்கமேஷ்வர், ராஜாபூர், காரேபாட்டண் என்று பழைய கழித்தலை ஊர்களையே அச்சாலை கோத்துக்கொண்டு போகிறது. அங்கும் நீர் எளிதில் விட்டுவிடவில்லை: 2016 ஆகஸ்டு 2 இரவில், மஹாட் அருகே சாவித்ரியின் மீதிருந்த ஆங்கிலேயர் காலத்துப் பாலம் வெள்ளத்தில் போயிற்று, பேருந்துகளும் உடன் போயின.

ரேவஸ் முதல் ரெட்டி வரை கரையோரச் சாலை என்ற திட்டம், 1980-களின் தொடக்கத்தில் முதலமைச்சராக இருந்த, கொங்கணத்தைச் சேர்ந்த ஏ.ஆர். அந்துலேயின் பெயரோடு இணைந்தது. சாலை துண்டு துண்டாக வந்தது. பெருங்கழிகளில் பாலம் வரவில்லை. அவ்விடைவெளிகளைப் படகுகள் நிரப்பின. 2003-இல் தாபோளுக்கும் தோபாவேக்கும் இடையே வாகனங்களை ஏற்றும் படகுச் சேவை தொடங்கியது. பின்னர் வேஷ்வி–பாக்மாண்ட்லா, ஆகர்தாண்டா–திகி, ஜெய்கட்–தவ்சாள் ஆகிய துறைகளிலும் அத்தகைய படகுகள் ஓடின. தாபோளில் படகு நின்றால் எதிர்க்கரைக்குச் சிப்ளூண் வழியாகச் சுற்றவேண்டும். அதாவது, பழைய கழித்தலைக்கே போய்த் திரும்பவேண்டும்.

எனவே மிதிவண்டிக்காரர் இன்று கடலோரத் தடம் என்று ஓட்டுவது, தொடர்பற்ற பல குறுக்கு வழிகளைப் படகுகளால் தைத்த ஒரு தொடர். உடலுக்கு அது தெரியும். 'சடா' எனப்படும் லேட்டரைட் மேட்டிலிருந்து கழிக்குச் செங்குத்தாக இறங்கி, படகேறி, எதிர்க்கரையில் மீண்டும் மேட்டுக்கு மிதிக்கவேண்டும். ஒரே நாளில் இது பலமுறை நிகழும். கடலோரம் சமதளம் என்று நம்பி வருபவர் முதல் நாள் மாலையே நம்பிக்கை இழப்பார்.

இப்போது அக்கழிகளின் மீது பெரும்பாலங்கள் திட்டமிடப்பட்டு, சில இடங்களில் வேலையும் நடக்கிறது. பாலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மழைக்கால இரவில் பேறுகால வலியோடு துறையில் காத்திருந்த குடும்பங்கள் அதைக் கேட்டுச் சிரிக்கும். ஆனால் யாருக்கான பாலம் என்று கேட்கலாம். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது மும்பையை எதிர்க்கரையோடு இணைக்கிறது; அதில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. தோணியோ சைக்கிளையும் மீன்கூடையையும் காரையும் ஒரே தட்டில் ஏற்றியது. கழிகளின் மீதும் அதே விதி வந்து, படகும் நின்றுவிட்டால், எதிர்க்கரைப் பள்ளிக்கு மிதித்துச் செல்லும் மாணவர்க்கு வழி அடைபடும். மீன் விற்கும் பெண்களுக்கும் அப்படியே. பொழுதுபோக்காக மிதிப்பவர் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

வட்டார வழக்கு, போக்குவரத்து வரலாறு ஆகியவற்றில் ஆய்வுத்தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்னகிரி மாவட்டத்துக்கான 1880-ஆம் ஆண்டு பம்பாய் கெசட்டியரைக் கையிலெடுத்துக்கொண்டு துறை துறையாகச் செல்லுங்கள். படகோட்டிகள் நீரோட்டத்துக்கும் மணல்திட்டுக்கும் ஓதத்தின் நேரங்களுக்கும் என்னென்ன பெயர் வழங்குகிறார்கள் என்று பதிவு செய்யுங்கள். படகுகள் ஓடும்போதே அதைச் செய்வது எளிது.