கோவா சீடர்: மில்லரின் ஒரு பத்தியும் மேற்கு மலைகளின் சாட்சியமும்

கோவா சீடர் என்று வழங்கும் குப்ரெசஸ் லூசிட்டானிக்கா என்னும் சைப்ரஸின் தாயகம் மெக்சிகோவும் அதையொட்டிய நடு அமெரிக்க மலைகளும் என்பதில் இன்று வழக்கில்லை. டேமன் லிட்டில் 2006இல் வெளியிட்ட மரபணு ஒப்பீடு புத்துலகச் சைப்ரஸ்களைத் தனிக்கிளையாகப் பிரித்துக் காட்டியது. 2009இல் அவற்றுக்கு ஹெஸ்பெரோசைபாரிஸ் என்ற புதிய பேரினமே அமைக்கப்பட்டது. அந்தப் பெயரை ஏற்காதவர்களும் கிளையை மறுக்கவில்லை. இருந்தும், தாயகத்தை மெக்சிகோவுக்கு விட்டுக்கொடுத்த ஆய்வாளர் சிலர் கோவாவை மட்டும் விட மனமில்லாமல் அதை வழித்தங்கலாக வைத்துக்கொண்டனர். மரம் பசிபிக்கைக் கடந்து கோவாவுக்கு வந்து, அங்கே வேரூன்றி, பின்பு போர்த்துகல் போனது என்பது அவர்கள் கொள்கை. அதற்கும் ஆதாரம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோவாக் கொள்கையின் அடித்தளங்களுள் பெரிது, செல்சி மூலிகைத் தோட்டத்தின் தலைவர் ஃபிலிப் மில்லர் தம் தோட்டக்கலை அகராதியின் எட்டாம் பதிப்பில் (1768) இவ்வினத்துக்குப் பெயரிட்டு எழுதிய பத்தி. அதன் சாரம் இது: போர்த்துகலின் புசாகோவில் இம்மரம் வளர்கிறது; ஆதியில் அது கோவாவிலிருந்து வந்தது. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே தராசில் வைத்ததுதான் முந்தைய ஆய்வு செய்த பிழை. போர்த்துகலில் மரம் நின்றதைச் சரிபார்க்க முடியும். போய்ப் பார்த்தவர்கள் இருந்தார்கள், மரமும் கண்ணெதிரே இருந்தது. கோவாச் செய்தி அப்படிப்பட்டதன்று. மில்லர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். கோவாவில் மரத்தைப் பார்த்தேன் என்று சொல்லும் சாட்சி எவரையும் அவர் காட்டவில்லை. விதை வந்த ஆண்டோ, கொண்டுவந்தவர் பெயரோ அங்கில்லை. கீழ்த்திசையிலிருந்து வரும் அரும்பொருள்களெல்லாம் கோவா வழியாகவே லிஸ்பனை எட்டிய நாட்டில், எங்கிருந்து வந்ததென்று தெரியாத மரத்துக்குக் கோவா முகவரி எழுதப்பட்டதில் வியப்பில்லை. ஒரு பத்தியின் முற்பாதி நம்பத்தக்கது என்பதற்காகப் பிற்பாதியையும் நம்பவேண்டியதில்லை.

இனி, மலைகளின் சாட்சியம். தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்வோர் கோவையிலுள்ள இந்தியத் தாவர ஆய்வகத்தின் உலர்தாவரகத்தைக் கடந்து போக முடியாது. கிளெக்ஹார்ன் 1853இல் தொடங்கிய சென்னை உலர்தாவரகத்தின் தொகுப்பு இன்று அங்குதான் இருக்கிறது. அந்தத் தொகுப்பின் மீது எழுந்த நூல்களுள் கேம்பிள் தொடங்கி ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் முதன்மையானது. ஃபிஷர் கோவை மாவட்டத்து ஆனைமலையையே தனியாக ஆராய்ந்து 1921இல் வெளியிட்டவர். இவ்வளவு தேடலுக்குப் பின்னும் தீபகற்ப இந்தியாவுக்கு இயல்பான ஊசியிலை மரம் என்று கிடைப்பது ஒன்றே ஒன்று: நாகெயா வாலிச்சியானா. அதுவும் போடோகார்ப் குடும்பம், சைப்ரஸ் குடும்பமன்று. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் குழப்பத்துக்கே இடமில்லை. நாகெயாவின் இலை அகலமானது; நடுநரம்பின்றி, இணையாக ஓடும் பல நரம்புகளைக் கொண்டது. லூசிட்டானிக்காவின் குச்சியிலோ செதில் போன்ற சிற்றிலைகள் எதிரெதிராக ஒட்டிக்கிடக்கும். காய் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உருண்டை. இளமையில் நீலச்சாம்பல் பூத்து, ஒவ்வொரு செதிலின் நடுவிலும் சிறு முனை துருத்தி நிற்கும்.

இயல்பான மரம் இல்லாவிட்டால் என்ன, நட்ட மரம் இருந்திருக்கலாமே என்பர். அங்கே உயரம் குறுக்கிடுகிறது. மெக்சிகோவில் இம்மரம் ஏறத்தாழ 1,200 முதல் 3,000 மீட்டர் வரையில் வளர்கிறது. கோவா நகரமோ கடல்மட்டத்தையொட்டிய ஆற்றங்கரை. கோவாப் பகுதியின் மிக உயர்ந்த மலையும் 1,200 மீட்டரைத் தொடவில்லை. நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு நீண்ட நிரூபணம் இருக்கிறது. ஏறத்தாழ 410 மீட்டரிலுள்ள கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியே 2,240 மீட்டரிலுள்ள ஊட்டிக்கு ஏறும் சாலையில், சைப்ரஸ்கள் தழைத்து நிற்பது மலைமேல்தான். (கோவை வீட்டு வாசல்களில் தொட்டியில் நிற்கும் துஜா இதே குடும்பத்தது என்றாலும் வேறு பேரினம், அதைக் காட்டி வாதிடுவது பொருந்தாது.) சமவெளியில் ஒன்றிரண்டு கன்றுகள் பிழைக்கலாம். ஆனால் ஒரு நாட்டுக்கே விதை வழங்கும் அளவுக்கு அவை காய்த்துப் பெருகின என்பது வேறு கதை.

அப்படியானால் புசாகோவுக்கு மரம் எப்படி வந்தது? என் விடையை ஊகமென்றே முன்வைக்கிறேன். ஆனால் கோவா ஊகத்தைவிட இது நேரான வழி. புசாகோ மடத்தை 1628இல் நிறுவியோர் காலணி அணியாத கார்மேல் சபைத் துறவிகள். 1643இல் அங்கே மரம் வெட்டுவோரைச் சபைவிலக்கம் செய்யும் ஆணையைப் போப்பாண்டவர் எட்டாம் அர்பன் பிறப்பித்தார். அதே சபை மெக்சிகோ நகருக்கு மேலுள்ள மலைக்காட்டில் 1606இலேயே இதே வகைத் தனிமைத் தவமடம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் அரசர் ஒருவரே. துறவியின் மூட்டையில் ஒரு பிடி விதை அட்லாண்டிக்கைக் கடக்க வேறென்ன வேண்டும்?

கார்மேல் சபை கோவாவிலும் இருந்ததே என்ற தடை வலுவானது. 1620 வாக்கில் அங்கே அவர்கள் மடம் அமைத்தது உண்மை. ஆனால் 1600இல் அச்சபை ஸ்பானியப் பிரிவு, இத்தாலியப் பிரிவு என்று இரண்டாகிவிட்டது. மெக்சிகோவும் போர்த்துகலும் முதலாவதில், கோவா இரண்டாவதில். ஆட்களும் கடிதங்களும் எளிதாகப் போய்வந்த பாதை எதுவென்று இந்தப் பிரிவே காட்டுகிறது. கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலின் மௌனத்தை நான் சான்றாக எடுக்கவில்லை. அது மருந்துப்பொருள் நூல், காலத்தால் முந்தியதும்கூட. அகாபுல்கோவுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே 1565 முதல் கப்பல் ஓடியதே என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. கப்பல் ஓடியது விதை ஏறியதற்குச் சான்றாகாது.

அடுத்து வேண்டுவது, புசாகோவின் பழைய மரங்களை மெக்சிகோவின் வெவ்வேறு மலைக்காட்டு மரங்களோடு மரபணுவால் ஒப்பிடுவது. சைப்ரஸ் குடும்பத்தில் பசுங்கணிக மரபணு மகரந்தத்தின் வழியே இறங்குவதால் கரு மரபணுவையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அவை மெக்சிகோ நகரைச் சூழ்ந்த காடுகளோடு பொருந்தினால் தவமட ஊகம் வலுப்பெறும். வேறு பகுதியோடு பொருந்தினால் அதைக் கைவிட நான் தயார். கோவா அப்போதும் மீளாது. நீலகிரி மரங்களையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாம். ஆனால் அவற்றை இந்தியாவில் எஞ்சிய பழங்கால்வழி என்று கொள்ளலாகாது. மக்ஐவர் 1848இல் ஊட்டித் தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கியபோது லூசிட்டானிக்கா ஐரோப்பியத் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழகிய மரம்; நீலகிரிக்கு விதை அங்கிருந்தே வந்திருக்க இடமுண்டு.