நயினார் என்னும் பட்டப்பெயர்: பொருளும் ஒலியும்

ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சரக்கு விலைக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்டது என் பெயரைப் பற்றித்தான். "நயினார்னா முஸ்லிமா?" என்பார் ஒருவர். "ஜெயின்னா மார்வாடியாச்சே, தமிழ் எப்படி இவ்வளவு சுத்தமாப் பேசறீங்க?" என்பார் இன்னொருவர். குப்பம் பக்கத்துத் தெலுங்குக்காரர், "எல்லாரும் உங்களை அப்பான்னா கூப்பிடறாங்க?" என்று சிரிப்பார். மூன்று கேள்வியிலும் சரித்திரம் இருக்கிறது.

நயினார் என்றால் தலைவர், உடையவர், இறைவர் என்று பொருள். இதன் முந்திய வடிவம் நாயனார். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் கோயில் இறைவனையே 'உடைய நாயனார்' என்று குறிக்கின்றன. 'நயனம்' அதாவது கண் என்பதிலிருந்து வந்ததென்று சிலர் சொல்வார்கள். அது பொருந்தாது. பழைய வடிவத்தில் முதலெழுத்து நெடில் 'நா' அல்லவா? நாயகன் என்பதே மூலம் என்று கொள்வது பொருத்தம். பிராகிருதத்தில் சொல்லின் நடுவே வரும் ககரம் தேய்ந்து யகரமாகும். 'லோக' என்பது 'லோய' ஆகும். அதே வழியில் நாயகன் நாயன் ஆகி, 'ஆர்' விகுதி சேர்ந்து நாயனார் ஆயிற்று. பேச்சில் குறுகி நயினார், இன்னும் குறுகி நைனார். தெலுங்கில் தகப்பனை 'நாயனா' என்பதும், சென்னையில் 'நைனா' என்பதும் இதற்கு உறவாகவே தோன்றுகிறது. குப்பத்துக்காரர் கேட்டது தப்பில்லை!

இந்தப் பட்டம் ஒரு மதத்தாருக்கு மட்டும் சொந்தமல்ல. சைவத்தில் அறுபத்து மூவர் நாயன்மார். வைணவத்தில் ஆசாரிய ஹிருதயம் இயற்றியவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். வள்ளுவரைப் பழைய பதிப்புகள் திருவள்ளுவ நாயனார் என்றே அச்சிட்டன. கேரள முதல்வராக இருந்த இ.கே. நாயனார் பெயரிலும் இது உண்டு. அரபு நாட்டார் தென்னிந்தியாவைப் பற்றி எழுதியதை ஆராய்ந்து 1942இல் நூல் வெளியிட்ட முகம்மது உசைன் நயினார் இஸ்லாமியர். நீலகேசியை 1936இல் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் எங்கள் சமணர். சம்பந்தரும் அப்பரும் சமணரோடு வாதிட்டவர்கள். ஆனால் இரு தரப்புக்கும் தமிழ் கொடுத்த மரியாதைச் சொல் ஒன்றே. இதை நினைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களே தமிழ்ச் சமணரின் ஊர்கள், மடம் மேல்சித்தாமூரில். செஞ்சியில் ஒரு காலத்தில் நடந்த துன்புறுத்தலுக்கு அஞ்சிப் பலர் திருநீறு பூசி மதம் மாறினர் என்றும், அவர்களே 'நீறுபூசி வெள்ளாளர்' ஆனார்கள் என்றும் எங்கள் பெரியவர்கள் சொல்லும் மரபு. அன்று பயத்தால் பெயர் மறைந்தது. இன்று பயமுறுத்துவார் யாருமில்லை, கவனக்குறைவால் தேய்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். டால்ஸ்டாய் என்று நாம் சொல்லும் ருஷ்ய எழுத்தாளரின் பெயரை அவர் நாட்டார் 'தல்ஸ்தோய்' என்கிறார்கள். முன்னோர் ஒருவருக்குப் 'பருத்தவர்' என்று வழங்கிய அடைமொழியே குலப்பெயராயிற்று. ஆங்கில எழுத்து வழியாக வந்ததால் ஓசை நம்மிடம் மாறிவிட்டது. நம் பெயருக்கும் அதே கதிதான். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தாகச் சுருக்கி எழுதுகிறோம்; அதில் 'யி' போய்விடுகிறது, 'னா' நெடிலா குறிலா என்றும் தெரிவதில்லை. பெங்களூரில் படிக்கும் என் பேரனை வகுப்பில் 'நைனர்' என்று கூப்பிடுகிறார்கள். அவனும் அப்படியே திரும்பச் சொல்கிறான்!

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயல் குடும்பங்கள் எங்கெங்கோ பிரிந்துவிட்டன. நயினாரோ, முதலியாரோ, அப்பாவின் பெயர் நிற்கும் வெறும் இனிஷியலோ, எதுவானாலும் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் முழுசாக எழுதிவையுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து நாலு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பொருள் தெரிந்தால் பெயரைச் சுருக்க மனம் வராது. என் பேரனுக்கு இந்தக் கோடை லீவில் அதுதான் முதல் பாடம்.